முதல் வருடம் சறுக்கியவர்கள் டாக்டர் ஆக முடியுமா?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். தெரிந்தவர் வீட்டுப் பையன். அமெரிக்காவில் காலேஜ் முதல் வருடம் முடித்திருக்கிறான். நாலு வருடக் காலேஜுக்குப் பிறகுதான் இங்கே மருத்துவக் கல்லூரி. அவன் ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடுகிற சராசரி மார்க், 2.4. "அக்கா, சம்மர்லயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்துடறேன். அடுத்த செமஸ்டர்ல 18 கிரெடிட் போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். முடியும்ல?" என்றான். பேசும்போதே மூச்சு வாங்கியது. (கிரெடிட் என்பது பாடங்களின் பளு; செமஸ்டருக்கு 15 வழக்கம்.)

டாக்டர் ஆக முடியும் என்றேன். ஆனால் நீ சொல்கிற வழியில் முடியாது என்றும் சொன்னேன். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். அவனைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது இரண்டே பதில்தான்: "கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்" என்பது ஒன்று, "வேறு துறை பார்" என்பது இன்னொன்று. இரண்டுமே உதவாது.

நான் 2013-ல் காலேஜ் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் 2.6 வந்தது. அதைத் தூக்கி நிறுத்த இரண்டாவது செமஸ்டரில் 18 கிரெடிட் போட்டேன். பாதியில் ஒரு பாடத்தை விட வேண்டியதாயிற்று. ட்ரான்ஸ்கிரிப்ட்டில் ஒரு 'டபிள்யூ' விழுந்தது. மிச்சம் 15 கிரெடிட்டில் 2.0. கெமிஸ்ட்ரியில் டி.

அந்தக் கெமிஸ்ட்ரி விடைத்தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பஃபர் கணக்கு, அதாவது அமிலமும் அதன் உப்பும் கலந்த கரைசலின் பிஎச் கண்டுபிடிப்பது. ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டைப் பிசகாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் அமிலத்தின் அளவைப் போட வேண்டிய இடத்தில் உப்பின் அளவு, உப்பு இருக்க வேண்டிய இடத்தில் அமிலம். திருத்தியவர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "ஏன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. சூத்திரம் தெரியும், அது எதைச் சொல்கிறது என்று தெரியாது. பள்ளிக்கூடம் முழுக்க மனப்பாடத்திலேயே தாண்டி வந்தவள் நான். அந்தப் படிப்புமுறையோடு 12 கிரெடிட் எடுத்தாலும் விழுந்திருப்பேன், 18 எடுத்தேன், இன்னும் வேகமாக விழுந்தேன்.

என் கருத்து இதுதான். மருத்துவக் கனவை முடித்து வைப்பது பெரும்பாலும் முதல் சறுக்கல் இல்லை. அதைச் சீக்கிரம் மறைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வருகிற இரண்டாவது, மூன்றாவது சறுக்கல்தான்.

மறைக்கவும் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டர் ஆக எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) என்று இரண்டு பட்டங்கள் உண்டு. எம்.டி. கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பம் வழியாகத்தான் எடுக்கின்றன. அதில் நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்கிரிப்ட்டும் போக வேண்டும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் உங்கள் காலேஜ் பழைய மார்க்கை நீக்கியிருக்கலாம். ஆம்காஸ் நீக்காது, இரண்டையும் கணக்கில் சேர்க்கும். டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்பத்தில் ஒரு காலத்தில் புதிய மார்க் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை நம்பித்தான் நான் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுத்தேன். 2017-ல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எவ்வளவு அழுதேன் என்று எனக்குத்தான் தெரியும். (டெக்சஸ்வாசிகளுக்கு மட்டும் பத்து வருடத்துக்கு முந்தைய படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க மாநிலச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. முப்பதைத் தாண்டித் திரும்பி வருகிறவர்கள் அதைக் கட்டாயம் விசாரியுங்கள்.)

ஆனால் அதே ஆம்காஸ் உங்கள் ஜிபிஏவை வருடவாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. உயிரியல், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு ஆகியவற்றுக்குத் தனி ஜிபிஏ போடுகிறது. 2.3, 3.6, 3.8, 4.0 என்று ஏறி வந்தவரும், நாலு வருடமும் 3.4-லேயே நின்றவரும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றில்லை.

அந்த நாலு எண்களும் என்னுடையவை. வருடத்துக்கு 30 கிரெடிட், மொத்தம் 120, கூட்டி வகுத்தால் 3.43 கூட வராது. அதற்குப் பிறகு ஒரு வருடம் போஸ்ட்-பேக் என்று இன்னொரு 30 கிரெடிட் அறிவியல் பாடங்களாக எடுத்து, எல்லாவற்றிலும் ஏ வாங்கினேன். அப்போதும் 3.54 தான். ஒரு வருடம் முழுக்கப் பிழையே இல்லாமல் படித்தும் 0.12 கூட ஏறவில்லை. கிரெடிட் சேரச் சேர எண்ணை நகர்த்துவது கடினமாகிக்கொண்டே போகும். அதனால்தான் சொல்கிறேன், பள்ளத்தை நிரப்பலாம் என்று இறங்காதீர்கள். ஒரு பள்ளத்தோடு நிறுத்துங்கள்.

சமீப வருடங்களில் எம்.டி. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77-ஐ ஒட்டியும், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மார்க் 511, 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர்கள் 50,000-க்கு மேல், இடம் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவானவர்களுக்கு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இது தெரியாமல் விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானே அப்படித்தான் செய்தேன்.

மூன்றாம் வருடம் முடிந்ததும், கூடப் படித்தவர்கள் எல்லாரும் விண்ணப்பிக்கிறார்கள் என்று நானும் விண்ணப்பித்தேன். அப்போது என் ஜிபிஏ 3.23. எம்கேட்டுக்கு ஆறு வாரம் படித்து 498 வாங்கியிருந்தேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அந்த 498-ஐயும் அழிக்க முடியாது; எழுதிய ஒவ்வொரு எம்கேட் மார்க்கும் கல்லூரிகளின் கண்ணுக்குப் போகும், வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதவும் முடியும். அந்த ஒரு வருடம் பொறுத்திருந்தால் கையில் இன்னொரு 4.0 இருந்திருக்கும்.

பொறுக்கவிடாமல் எது துரத்தியது? வயது. "இருபத்திரண்டில் சேரவில்லையென்றால் எப்போது முடிப்பாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். கோபித்துக் கேட்கவில்லை, என் மேல் இருந்த கவலையில் கேட்டார்கள். அப்பாவுக்கு நான் அன்று சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்கிறேன்: காலேஜ் முடித்து ஒன்றிரண்டு வருடம் கழித்து மருத்துவம் சேர்வது இங்கே சர்வசாதாரணம். என் வகுப்பில் முப்பத்தைந்து வயதில் சேர்ந்தவர் இருந்தார். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளை ஒரு வருடம் நிற்கிறேன் என்றால் நிற்க விடுங்கள். மார்க்கை உங்களிடம் மறைக்கிற அளவுக்குப் பயப்படுகிற பிள்ளை அட்வைசரிடமும் மறைக்கும், பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கிற ஆபீஸ் ஹவர்ஸுக்கும் போகாது. என் முதல் வருடம் முழுக்க அதுதான் நடந்தது.

போஸ்ட்-பேக் படித்த வருடம் இரவில் ஒரு எமர்ஜென்சி பிரிவில் ஸ்க்ரைப் வேலை பார்த்தேன். டாக்டர் பின்னாலேயே நடந்து, அவர் கேட்பதையும் நோயாளி சொல்வதையும் தட்டச்சு செய்வதுதான் வேலை. ஒரு நாள் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, அதை வெளியேற்றத்தான் உடம்பு இப்படி மூச்சுவிடுகிறது என்றார் டாக்டர். திரையில் பிஎச், பைகார்பனேட் எண்கள். நான் தப்பாகப் போட்ட அதே பஃபர் கணக்கு, ஒரு மனிதர் நெஞ்சு ஏறி இறங்குவதில் என் எதிரே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு மை "ஏன்?"-க்கு நாலு வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

அப்புறம் எம்கேட் திரும்ப எழுதி 511 வாங்கினேன். எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் விண்ணப்பித்தேன். 2019-ல் ஒரு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்தது. டி.ஓ. என்றால் மட்டம் என்று நம்மவர்கள் சிலர் இன்னும் நினைக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் டி.ஓ.வும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்தான். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சியான ரெசிடென்சியின் அங்கீகார முறையும் 2020-ல் இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டது.

அந்தத் தம்பியிடம் கடைசியில் மூன்று கேள்விதான் கேட்டேன். எந்தப் பரீட்சையில் முதலில் விழுந்தாய்? அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாயா? இப்போது உட்கார்ந்தால் அதை முழுசாகப் போட முடியுமா? முதல் கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இருந்தது. சம்மரில் ஆர்கானிக் வேண்டாம், அந்தத் தாள்களைத் தேடி எடு, அடுத்த செமஸ்டருக்கு 12 கிரெடிட் போதும் என்றேன்.

நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். முதல் மிட்டர்ம் தாள், பக்கத்தில் ஒரு நோட்டு. நாலாவது கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்திருக்கிறான். மூன்றாவது தடவை சரியாக வந்திருக்கிறது.