பென்சில் டப்பா வாங்கியிருக்கும் நண்பருக்கு

கம்போடியா கிளம்பும் நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "நூறு பென்சில் டப்பா வாங்கி வச்சிருக்கேன். சியம் ரீப்ல எந்த ஆதரவற்றோர் இல்லத்துல கொடுக்கலாம்?" நல்ல மனசுக்காரர். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

போன வருடம் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கோர் வாட்டெல்லாம் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் தோன்லே சாப் ஏரியில் படகு. மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகும்போது இந்த ஏரியின் ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடுமாம். படகோட்டிப் பையன் கை காட்டிக் காட்டி அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தான். திடீரென்று ஒரு மிதக்கும் கடையோரம் படகைக் கட்டினான். பக்கத்து ஆதரவற்றோர் இல்லத்துப் பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அரிசி வாங்கிக் கொடுக்கிறீர்களா என்றான். மூட்டை 50 டாலர்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கினோம். மூட்டையை இறக்கியதும் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரு ஆங்கிலப் பாட்டு பாடினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன், ஏழு வயது இருக்கும், வாய் பாட்டுக்கு அசைகிறது, கண் மட்டும் ஜன்னல் வழியாக அடுத்த படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் அதையும் போட்டோ எடுத்தேன்.

ராத்திரி விடுதிக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். "உங்க மூட்டை இந்நேரம் கடைக்கே திரும்பிப் போயிருக்கும்." மூட்டை போனால் போகிறது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பாட்டுதான்.

ஊர் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன். 2005-க்குப் பிறகு ஐந்தாறு வருடத்தில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருக்கிறது. அதில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். 2011-இல் யூனிசெஃப் உதவியோடு அந்த நாட்டு அரசே வெளியிட்ட கணக்கு இது. இத்தனை அநாதைகள் இருப்பதற்குக் காரணம், எழுபதுகளில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போல் பாட் ஆட்சியின் கொடுமை என்று நாம் நினைத்துக்கொள்வோம். அந்த ஆட்சி 1979-லேயே விழுந்துவிட்டது. அன்றைக்கு அநாதையான குழந்தைக்கு 2005-இல் 26 வயதாவது ஆகியிருக்கும். பிறகு எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பிள்ளைகள்?

கிராமத்து ஏழைத் தாயிடம் போய், "பிள்ளையை விடுங்க, இங்கிலீஷ் படிக்க வைக்கிறோம், மூணு வேளை சோறு" என்றால் எந்தத் தாய் மறுப்பாள்? பிள்ளை இருந்தால் டூரிஸ்ட் வருவான். டூரிஸ்ட் வந்தால் டாலர் வரும். பிள்ளை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தால் டாலர் குறையும், அதையும் யோசித்துப் பாருங்கள். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் அரை மணி நேரம் வந்துபோகிறவனுக்கு எது எப்படி என்று தெரிய வழியே இல்லை. 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்குப் பிள்ளை பிடிப்பதையும் அடிமைத்தனத்தில் ஒரு வகையாகத்தான் பேசினார்கள்.

நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம். பிறந்தநாளா, கல்யாண நாளா, பக்கத்து இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்று பழகியவர்கள் நாம். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, போட்டோ எடுத்து முடியும்வரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம்தானே? அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடக் கூடாது என்று நம் சிறார் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவு, சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாமல்தான் இருந்தது. உள்ளூரில் பழகியதைத்தான் விமானம் ஏற்றிக் கொண்டுபோகிறோம்.

அங்கோரில் 2016-இல் கொளுத்தும் வெயிலில் ஆளைச் சுமந்த யானை ஒன்று சுருண்டு விழுந்து செத்தது. உலகமே கொதித்தது, பிறகு சவாரியே நின்றுபோனது. பிள்ளைகள் பாடுவதற்கு அப்படி யாரும் கொதிக்கவில்லை. பாட்டு பார்க்க அழகாக இருக்கிறதல்லவா.

சரி, கொடுக்கவே கூடாதா என்றால், கொடுங்கள். சியம் ரீப்பில் கந்தா பொப்பா அறக்கட்டளையின் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பீட் ரிக்னர் என்ற சுவிஸ் மருத்துவர் வளர்த்தது. சனிக்கிழமை மாலைகளில் செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) வாசித்துப் பணம் திரட்டுவார். 2018-இல் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு வைத்தியம் முழுக்க இலவசம். பணம் கொடுக்கலாம், டூரிஸ்ட் ரத்தமும் கொடுக்கலாம். அங்கோர் ஒருநாள் டிக்கெட் 37 டாலரில் 2 டாலர் அங்கேதான் போகிறது. எந்தப் பிள்ளையும் உங்களுக்காகப் பாட வேண்டியதில்லை.

பென்சில் டப்பாக்களை உங்கள் தெரு முனை அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், ஜி.

அந்த இல்லத்துப் படங்கள் என் போனில் பதினாலு இருந்தன. நேற்றுதான் அழித்தேன். அங்கோர் சூரிய உதயப் படம் கேட்டவர்களுக்கு நாளை போடுகிறேன், அன்றைக்கு மேகமூட்டம்தான்.