கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதம் வயிறு கிடையாது

போன வாரம் அத்தை மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. என் பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முனைவர் 500 ரூபாய் மொய் எழுதினால் ஊர் என்ன பேசும்?

நான் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் கௌரவ விரிவுரையாளர், அதாவது தற்காலிக ஆசிரியர். எம்.ஏ., எம்.பில்., பி.எச்டி., போதாததற்குக் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேர்ச்சி. (அந்த எம்.பில். பட்டமே இனி வேண்டாமென்று 2022-இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லிவிட்டது. கட்டிய கட்டணத்தை யாரிடம் போய்க் கேட்பது?) சம்பளம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். மே மாதம் வகுப்பு இல்லை, ஆகவே காசும் இல்லை. இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்! வாடகைக்குக் கோடை விடுமுறை உண்டா என்ன?

பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நிரந்தர உதவிப் பேராசிரியர். அதே பாடத்திட்டம், அதே வகுப்பறை, சட்டையில் அதே சாக்பீஸ் தூள். அந்தப் பதவிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700; அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. அவர் வாங்குவது நியாயமான சம்பளம், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019-இலேயே யுஜிசி சொல்லியாகிவிட்டது. அதில் பாதியைக் கையில் வைத்துவிட்டு மீதிக்குப் பதிலாக "கௌரவம்" என்று ஒட்டிவிட்டார்களே, அங்கேதான் எரிகிறது.

"கொத்தனாருக்கே நாளுக்கு ஆயிரம் ரூபாயாம், உனக்கு எவ்வளவு?" என்று கேட்கிற மாமாக்களே, வெயிலில் நின்று சுவர் எழுப்புகிறவரின் கூலியை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? அவரா என் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்?

போன மே மாதம் வட்டி கட்டி, அடகில் இருந்த என் மனைவியின் வளையலைத் திருப்பி வைக்க வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் என் பழைய மாணவன். பி.ஏ.வோடு நிறுத்திக்கொண்டு வங்கித் தேர்வு எழுதியவன். படிப்பு ஏற ஏற வருமானம் ஏறும் என்று நான் கரும்பலகையில் போட்ட கோட்டை நோட்டில் அழகாக வரைந்து காட்டியவனும் அவன்தான். எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றான். படிவத்தில் "மாத வருமானம்" என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

"போன மாதத்துக் கணக்கையே எழுது தம்பி" என்றேன்.

அந்த வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு அது வேண்டுமாம். முனைவர் வீட்டு அம்மா வெறுங்கையோடு பந்தலுக்குப் போகலாமா என்று கேட்கிறாள்.