கமிட் உரிமை என்ன பொன்னாடையா?

ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியவர். ஹேக்கத்தானில் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டுப் போனவர். வேலை மாறிப்போய், பழைய கம்பெனி மின்னஞ்சலைத் திறக்கவே முடியாதவர். சிங்கப்பூரிலும் சென்னையிலுமாகச் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் தமிழ் உரை லைப்ரரியில் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) இவர்கள் எல்லாருக்கும் கமிட் உரிமை, அதாவது மெயின் கிளை எனும் முதன்மைப் பிரதியில் நேராக மாற்றத்தைப் புஷ் செய்யும் (ஏற்றும்) உரிமை, இருக்கிறது. விழா மேடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிற மாதிரி வாரி வழங்கியிருக்கிறோம்.

சரி, வராதவர்களிடமிருந்து எடுத்துவிடலாம் என்றால், கூட நடத்துகிறவர்கள் அப்படி ஒருவரைக் காட்டி, “அண்ணன் மனசு கஷ்டப்படும்” என்கிறார்கள். சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள்! அண்ணன் அந்த நிரலை எட்டிப் பார்த்தே வருடக்கணக்காகிறது. அவர் கணக்கை நாளைக்கு எவனாவது திருடினால் யார் மனசு கஷ்டப்படும்?

2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் நடந்தது மறந்துவிட்டதா? பராமரிக்க ஆர்வம் போன ஒருவர், கேட்டு வந்த முன்பின் தெரியாதவருக்கு உரிமையைக் கொடுத்தார். உள்ளே புகுந்தது பிட்காயின் பர்ஸைக் குறிவைத்த திருட்டு நிரல். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் (லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் கருவி) விவகாரம் இன்னும் மோசம். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஆள், வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்துப் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். அவருடைய கமிட்டுகளில் (பதிவான மாற்றங்களில்) பெரும்பாலானவை காட்டியது நம்ம சிங்கப்பூர் நேரம், +8. வேஷமோ நிஜமோ, பார்க்கிறபோது வயிற்றைக் கலக்குகிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் சந்தேகப்பட்டதால் உலகம் தப்பியது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாதக்கணக்கில் ஒழுங்காகப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும் பாலிடெக்னிக் மாணவிக்கு மட்டும் “பார்க்கலாம்மா”. இஷ்யூக்களை, அதாவது வரும் புகார்களை, பிரித்துவைக்கும் ட்ரியாஜ் பொறுப்பையாவது கொடுக்கலாம் என்றால், ரெப்போ (நிரல் கிடங்கு) கிட்ஹப் தளத்தில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கிறது. அங்கே உரிமையாளர், கூட்டாளி என்று உரிமையில் இரண்டே படி. ஆர்கனைசேஷன் எனும் குழுக் கணக்குக்கு மாற்றினால் ஐந்து படி கிடைக்கும். அதற்கும் மனசு வரவில்லை.

ஒரு வருடம் அசைவில்லையா, உரிமையை எடுங்கள், நன்றிப் பட்டியலில் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். திரும்பி வந்தால் மறுபடி கொடுத்தால் போச்சு. மெயினில் யாரும், நான் உட்பட, இன்னொருவர் ரிவ்யூ இல்லாமல் மாற்றத்தை மெர்ஜ் செய்ய (சேர்க்க) முடியாதபடி பூட்டுங்கள். கேட்டது இவ்வளவுதான். “தீபாவளி முடியட்டும், பேசலாம்” என்று பதில் வந்திருக்கிறது. எந்த வருடத் தீபாவளி என்றாவது சொல்லித் தொலையுங்கள்.