மனுசன் காதில் விழாத பேச்சு

ஆடு, வாத்து, பன்றி எல்லாம் பேசுகிற படம் என்றாலே "அது பிள்ளைக பாக்குறதுப்பா" என்று ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் போனை நோண்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேரனும் அப்பத்தாவும் ஒரே இடத்தில் சிரிக்கிற மாதிரி எத்தனை படம் வருகிறது?

இந்த வகையில் எனக்கு ‘பேப்’தான் முதலிடம். 1995-இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் எடுத்தது. ஒரு பன்றிக்குட்டி ஆட்டு மந்தையை ஓட்டப் பழகுகிற கதை. நாய்கள் குரைத்து மிரட்டும். இந்தக் குட்டியோ தன்மையாகக் கேட்கும், ஆடுகள் வரிசை கட்டி நடக்கும். பன்றிக்குட்டி கிடுகிடுவென வளர்ந்துவிடும் என்பதால் ஒரே வேடத்துக்கு 48 குட்டிகளை மாற்றி மாற்றி நடிக்கவைத்தார்கள். சிறந்த படம் உட்பட 7 ஆஸ்கர் பரிந்துரைகள். காட்சி விளைவுகளுக்கான விருதையும் வாங்கியது.

ஆனால் படத்தின் சூட்சுமம் தொழில்நுட்பத்தில் இல்லை. அதில் எல்லா மிருகமும் பேசுகிறது, ஒரு மனுசன் காதிலும் அது விழுவதில்லை. பண்ணைக்காரரே அளந்துதான் பேசுகிறவர். தொழுவத்துக்குள் நம்மைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறது என்பதை நாம் மட்டும் ஒட்டுக்கேட்கிறோம். அந்தச் சுகம்தான் இந்தப் படங்களின் உயிர். மிருகம் மனுசனிடமே வந்து வக்கணையாகப் பேச ஆரம்பித்தால், என்னைப் பொறுத்தவரை பாதி சுவை போய்விடுகிறது.

‘பேப்’ படத்தில் ஒரு வாத்து வரும். விடியற்காலையில் கூரை மேல் ஏறிச் சேவல் மாதிரிக் கூவும். ஏன்? உபயோகமான உயிரை மனுசன் அறுக்க மாட்டான் என்று அது கணக்குப் போட்டிருக்கிறது. சேவல் வேலையைப் பார்த்தால் கிறிஸ்துமஸ் விருந்தில் தட்டுக்குப் போகாமல் தப்பிக்கலாம். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா ஒரு அலாரம் கடிகாரத்தை வாங்கி வைத்துவிடுவார். வாத்துக்குப் பிழைப்பே போச்சு! கடிகாரத்தைத் திருடிவரச் சொல்லிப் பன்றிக்குட்டியை வீட்டுக்குள் அனுப்பும்.

எங்கள் அப்பத்தா காலமெல்லாம் ஆடு கோழி வளர்த்தவர். படம் ஆங்கிலத்தில் ஓடியது, நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாத்து கூவுகிற இடத்தில் பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத் தெரியும்டா. கெடா வெட்டுக்கு மொத நாளு நம்ம கெடா எர எடுக்காது, பாத்திருக்கியா?" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல சிரிப்புப் படத்துக்கு அடியில் இப்படி ஒரு கத்தி கிடக்கத்தான் செய்யும்.

"மிருகம் பேசுறதா? லாஜிக் இல்லையே" என்று மதுரைக்காரர் ஒருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார், அப்புறம் அவற்றைப் பாண்டியனுக்கு மந்திரிகளாகவே ஆக்கினார் என்று பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடி வைத்த ஊர் இது. ஆவணி மூலத் திருவிழாவில் முதல் லீலையே கருங்குருவிக்கு உபதேசம் செய்ததுதான். காக்கைகளிடம் கொத்துப்பட்டு வந்த சின்னக் குருவியின் குறையைச் சாமியே கேட்டிருக்கிறார். நாம் கேட்டால் என்ன?

2019-இல் வந்த ‘லயன் கிங்’ படத்தைத் தமிழில் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. சிங்கத்தின் ஒவ்வொரு மயிரும் நிஜம் போல இருந்தது. ஆனால் அழுதாலும் சிரித்தாலும் அதே முகம். அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது குரல்கள். பும்பா என்ற காட்டுப்பன்றிக்கு நடிகர் ரோபோ சங்கர், அதன் கூட்டாளி டிமோனுக்கு நடிகர் சிங்கம்புலி. மறைந்த ரோபோ சங்கர் நம்ம மதுரைக்காரர், மிமிக்ரி மேடையில் வளர்ந்தவர். அந்தக் காட்டுப்பன்றிக்கு அவர் குரல் அவ்வளவு பொருத்தம்.

தமிழில் நேராக இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. கதைகூட யோசித்து வைத்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று. யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் அடிப்பதில்லை, சாமி கிடா என்று கும்பிடுகிறார்கள். அதுவோ, ஊரே தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நம்பிக்கொண்டு திரிகிறது. விஷயம் தெரிந்த கிழட்டுக் கோழி ஒன்று சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அதன் பின்னாலேயே அலைகிறது. திருவிழாவுக்குக் கொட்டகை போட ஆரம்பித்ததும், ‘எனக்குத்தான் பட்டாபிஷேகம்’ என்கிறது கிடா. கோழி என்ன பதில் சொல்லும் என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் படித்துக் காட்டுகிறேன்.