சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் சுற்றுலா விசா செல்லாது
சம்பளம் வாங்காவிட்டால், கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப் செய்ய பி-2 சுற்றுலா விசாவே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. பி-2 விசா ஊர் சுற்றுவது, உறவினரைப் பார்ப்பது போன்றவற்றுக்குத்தான். பணம் வாங்குகிறோமா என்பது அல்ல, என்ன வேலைக்காகப் போகிறோம் என்பதே முக்கியம்.

அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கான வழக்கமான வழி, ஜே-1 எனும் பரிமாற்றத் திட்ட விசாவின் இன்டர்ன் பிரிவு. நிறுவனம் தரும் ஆஃபர் கடிதம் மட்டும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் (பரிமாற்றத் திட்டத்தை நடத்தும் அமைப்பு) டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவம் தர வேண்டும். அதற்கு முன் டிஎஸ்-7002 பயிற்சித் திட்டத்தில் மாணவர், நிறுவனம், ஸ்பான்சர் மூவரும் கையெழுத்திட வேண்டும். அதில் எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'கோப்புகளை அடுக்குதல், தரவு உள்ளிடுதல்' என்று மட்டும் நிரப்பினால் திட்டம் ஏற்கப்படாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு: வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் படிப்பின் பகுதியான ஊதியமில்லாத எலெக்டிவ் (விருப்பத் தேர்வு) பயிற்சிக்கு பி-1 எனும் வணிகப் பயண விசாவில் போகலாம். அது குறுகிய விதிவிலக்கு, அதுவும் பி-2 அல்ல.

நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் 22ஆம் தலைப்பு, 62.22ஆம் பிரிவைப் படியுங்கள். ஸ்பான்சர் பெயரை வெளியுறவுத் துறையின் ஜே-1 தளத்தில் உள்ள பட்டியலில் தேடுங்கள். ஸ்பான்சருக்குப் பணம் கட்டும் முன்பே தேடுங்கள்.