முதல் போலந்துப் பங்கு சிகாகோ அல்ல

சிகாகோவின் புனித ஸ்டானிஸ்லாஸ் கோஸ்ட்காதான் அமெரிக்காவின் முதல் போலந்துப் பங்கு (அதாவது, ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அந்தப் பங்கு 1867இல் தொடங்கியது. அதற்குப் பதிமூன்று ஆண்டு முன்பே, 1854இல், டெக்சாஸில் பன்னா மரியா என்ற போலந்துக்காரர்களின் ஊரும் பங்கும் உருவாகிவிட்டன. போலிஷ் மொழியில் அந்தப் பெயருக்குக் கன்னி மரியா என்று பொருள்.

அங்கு வந்தவர்கள் பிரஷ்ய (ஜெர்மன்) ஆட்சியில் இருந்த மேல் சிலேசியாவின் போலிஷ் பேசும் விவசாயிகள். டெக்சாஸ் துறைமுகமான கால்வெஸ்டனில் கப்பலிறங்கி, மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கோயிலும் இல்லை, வீடும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிரான்சிஸ்கன் துறவி லியோபோல்ட் மொச்சிகெம்பா ஓர் ஓக் மரத்தடியில்தான் திருப்பலி நிறைவேற்றினார். முதல் கோயில் 1856இல் எழுந்தது. டெட்ராய்ட்டில் அடக்கம் செய்யப்பட்டிருந்த மொச்சிகெம்பாவின் உடலை 1974இல் கொண்டுவந்து, பன்னா மரியாவிலேயே ஓக் நிழலில் மறுஅடக்கம் செய்தார்கள். இந்த மக்களை வரலாற்றிலிருந்து விட்டுவிடக் கூடாது.

சிகாகோ பங்கின் பெருமை வேறு. 1890களில் ஏறக்குறைய 40,000 பேருடன் நாட்டிலேயே மிகப் பெரிய பங்குகளில் ஒன்றாக அது இருந்தது. அதை அப்படி வளர்த்த பங்குத்தந்தை வின்சென்ட் பார்ஜின்ஸ்கியும் முதலில் டெக்சாஸ் போலந்துக்காரர்களிடையே பணியாற்றிவிட்டு வந்தவர்தான். ‘முதல்’ என்பதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.