தோற்றால் தோப்புக்கரணமா?

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பூப்பந்துப் போட்டியில் தோற்ற ஒரு பையனைத் தோப்புக்கரணம் போட வைத்த காணொளி நம் குழுவில் சுற்றுகிறது, நான் அதைத் தப்பு என்று சொன்னதற்குப் பலர் பதில் எழுதியிருக்கிறீர்கள். காணொளியில் இருப்பது 40 விநாடி. நான் மூன்றாவது கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். "முழுசா தெரியாம பேசாதீங்க அக்கா" என்று குழுவில் எழுதியவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு முழுசாகத் தெரியும்.

பையனுக்கு 10 வயது. காலிறுதி. மூன்றாவது செட்டில் 21-18 என்று தோற்றான். எதிரில் ஆடிய பிள்ளைக்குக் கை கொடுத்தான், நடுவருக்குக் கை கொடுத்தான், ஒழுங்காக வெளியே வந்து அப்பாவிடம் தண்ணீர் போத்தலுக்குக் கை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை. கோச்சு "ஐம்பது" என்றார். ஒரே வார்த்தை. என்ன ஐம்பது என்று பையன் கேட்கவில்லை. ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான். எத்தனை தடவை நடந்திருந்தால் ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பதைத் தாண்டியதும் தொடை நடுங்க ஆரம்பித்தது. அப்பா சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

தோப்புக்கரணம் நாம் பிள்ளையார் சன்னதியில் போடுவது. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் சாமி என்று. இந்தப் பையன் என்ன பிழை செய்தான்? அவனைவிட அன்றைக்குக் கொஞ்சம் நன்றாக ஆடிய ஒரு பிள்ளை வலைக்கு அந்தப் பக்கம் நின்றது. தோற்பது குற்றமில்லை. இதைச் சொல்ல ஒரு பதிவு தேவைப்படுகிறது என்பதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

"ஒழுக்கம் வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். பையன் தாமதமாக வந்தால் கண்டியுங்கள். ராக்கெட்டைத் தரையில் அடித்தால் அன்றைக்கு உட்கார வையுங்கள். நடுவரை முறைத்தால் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அதெல்லாம் அவன் கையில் இருப்பவை. வெற்றி அவன் கையில் மட்டும் இல்லை. அவன் கையில் இல்லாத ஒன்றுக்கு அவன் காலைத் தண்டிப்பது எந்த ஒழுக்கத்தில் சேர்த்தி?

அந்த மூன்றாவது செட்டை நீங்கள் யாராவது கவனித்தீர்களா? நான் கவனித்தேன். 15-15 வரைக்கும் பையன் அழகாக ஆடினான். வலையோரம் மெல்லத் தட்டி இரண்டு புள்ளி எடுத்தான், பக்கத்தில் இருந்த சீனத்து அங்கிள்கூடக் கை தட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அவன் கண் அப்பா பக்கம் போனது. தட்ட வேண்டிய ஷட்டலையெல்லாம் தூக்கித் தூக்கிப் பின்னால் அனுப்பினான். பயந்த பிள்ளை அப்படித்தான் ஆடும். தப்பாகிவிடக்கூடாது என்று ஆடுகிற பிள்ளை எதையும் முயன்று பார்க்காது. தண்டனை ஆட்டம் முடிந்து வந்தது என்று நினைக்கிறீர்கள். 15-15இலேயே அது கோர்ட்டுக்குள் வந்துவிட்டது. அந்தத் தோல்வியில் நம் பங்கும் இருக்கிறது. நாம் யாரும் காதைப் பிடிக்கவில்லை.

அடுத்தது, எப்போதும் வருவது: "நாங்க அடி வாங்கி வளரலையா? நல்லாத்தானே இருக்கோம்?"

நானும் வாங்கினேன். பட்டர்வொர்த்தில் பள்ளியில் படிக்கும்போது 400 மீட்டர் ஓடுவேன். மாவட்டம் வரைக்கும் போயிருக்கிறேன். நேரம் ஒரு விநாடி கூடினால் கெண்டைக்காலில் ரோத்தான், பிரம்படி. அப்பா துறைமுக வேலை முடிந்து வந்து கேட்பார், "இன்னிக்கு எத்தனை?" எத்தனை விநாடி என்று கேட்கிறாரா, எத்தனை அடி என்று கேட்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு இப்போது 43 வயது. ஓட்டம் என்றால் காற்று ஞாபகம் வர வேண்டும், மண் வாசனை ஞாபகம் வர வேண்டும். எனக்கு அந்தக் கெண்டைக்கால்தான் ஞாபகம் வருகிறது. என்னோடு ஓடிய ஐந்து பேரில் ஒருவர்கூட 16 வயதுக்குப் பிறகு ஓடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறோம் என்கிறீர்களே, யார் நன்றாக இருக்கிறோம்? ஓடிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகள் ஓட்டத்தை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

"லீ சோங் வெய் என்ன சும்மாவா வந்தார்?" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி, மலேசியாவின் பூப்பந்து நட்சத்திரம், நம்ம புக்கிட் மெர்தாஜாம் பிள்ளையைப் பற்றியே பேசுவோம். அவர் பூப்பந்து கற்க ஆரம்பித்தது 11 வயதில். அதற்கு முன்னால் அவருக்குப் பிடித்தது கூடைப்பந்து. வெயிலில் ஆட வேண்டாம் என்று அம்மா தடுத்தார். பூப்பந்து ஆடப் பிரியப்பட்ட அப்பா தன்னோடு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆரம்பித்தது. நாம் 7 வயதுப் பிள்ளையை வாரத்துக்கு ஆறு நாள் மண்டபத்தில் விட்டுவிட்டு, 10 வயதில் அரையிறுதிக்குப் போகவில்லையே என்று பதறுகிறோம்.

இன்னொன்று. லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் தோற்றவர். மூன்றும் வெள்ளி. முதல் இரண்டில் லின் டானிடம், மூன்றாவதில் சென் லோங்கிடம். அந்த இரவுகளில் மாமாக் சாப்பாட்டுக் கடைகளில் பெரிய திரை வைத்து நாமெல்லாம் சேர்ந்து அழுதோம். ஒருவராவது அவரைத் திட்டினோமா? நாட்டுக்காகத் தோற்ற மனிதரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டோம். நாம் பெற்ற பிள்ளை காலிறுதியில் தோற்றால் தண்ணீர் கொடுக்க மாட்டோம்.

நான் பெரிய உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருடம் என் மகளைப் பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் சுற்றிலேயே தோற்றாள். திரும்பி வரும்போது பினாங்குப் பாலத்தில் ஏறியதும் பேச ஆரம்பித்தேன். அவ்வளவு காசு கட்டினேனே, அந்த சர்வை ஏன் அப்படிப் போட்டாய், உன் வயதுப் பிள்ளை ஜெயிக்கிறதே. அந்தப் பாலம் 13.5 கிலோமீட்டர். மறுகரையில் பிறை ஊரில் இறங்கும்வரை நான் வாயை மூடவில்லை. பின்னிருக்கையில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் கதவைத் திறந்தால் கண் முழித்துத்தான் இருந்தாள். "அம்மா, முட்டி வலிக்குது" என்றாள்.

முட்டி மூன்று மாதமாக வலித்திருக்கிறது. அப்போதிருந்த கோச்சிடம் சொல்லியிருக்கிறாள், அவர் "நடிக்காதே" என்றிருக்கிறார். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். முட்டிச்சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு. டாக்டர் பார்த்துவிட்டு ஆஸ்குட்-ஸ்லாட்டர் என்றார். வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் கால் எலும்போடு சேரும் இடத்தில் ஓயாமல் இழுபட்டு வீங்குவது. அதிகம் ஓடி, குதித்து, சடாரென்று நின்று திரும்புகிற பிள்ளைகளுக்கு வரும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், ஆனால் வலிக்கும்போது சுமையைக் குறைத்துவிட வேண்டும். முட்டியை முழுதாக மடக்கி உட்கார்ந்து எழுவது அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் உட்கார்ந்து எழும்போதெல்லாம் என் கண் அவன் முட்டியிலேயே இருந்தது. அவனுக்கு வலி இருக்கிறதா என்று அங்கே யார் கேட்டார்கள்?

பிறகு நான் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒரே விளையாட்டில் மட்டும் இறக்கிவிடுவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், வருடத்தில் எல்லாம் சேர்த்து மூன்று மாதமாவது அந்த விளையாட்டை விட்டு விலகியிருக்க வேண்டும் என்கிறது. நார்வேயில் 1987 முதலே பிள்ளைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் உண்டு. இப்போதைய விதிப்படி சின்னப் பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது, 13 வயதுக்கு முன்னால் தேசிய அளவிலான வெற்றியாளர் போட்டி கிடையாது. சுமார் 55 லட்சம் பேர் உள்ள நாடு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம், மற்ற எல்லா நாடுகளையும்விட அதிகம். "அது வெள்ளைக்காரன் ஊர் லா" என்பீர்கள். அவர்கள் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் முட்டி ஒன்றுதான்.

ஒரு கேள்வி மட்டும் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. ஓர் அண்ணன் தனியாக எழுதியிருந்தார்: "தங்கச்சி, நம்ம பிள்ளைங்க மத்தவங்கள மாதிரி சும்மா விளையாட முடியாது. ரெண்டு மடங்கு நல்லா ஆடினாத்தான் பேர் லிஸ்ட்ல வரும். கண்டிப்பா வளர்க்காம என்ன செய்ய?"

அண்ணே, உங்கள் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான். மண்டப வாடகை, ஷட்டல், பயிற்சிக் கட்டணம், போட்டிக்குப் போக பெட்ரோல், எல்லாவற்றுக்கும் நம்மில் பலர் ஓவர்டைம் செய்துதான் கட்டுகிறோம். மாநிலம், தேசியம் என்று போனால் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவே மாட்டேன். கோச்சையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கட்ட முடியாத இரண்டு பிள்ளைகளிடம் அவர் காசு வாங்குவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் அண்ணே, 2021இல் நம் பூப்பந்து வீராங்கனை கிசோனாவின் நிறத்தைச் சொல்லி ஓர் அரசியல்வாதி கேவலமாக எழுதியபோது நாம் எப்படிக் கொதித்தோம்! 2019 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிள்ளையை இப்படிப் பேசலாமா என்று இதே குழுவில் எத்தனை பேர் எழுதினீர்கள். நானும் எழுதினேன். வெளியாள் நம் பிள்ளையை அவமானப்படுத்தினால் நெஞ்சு பொறுக்கவில்லை. நூறு பேர் பார்க்க நாமே செய்தால் அதற்குப் பெயர் கண்டிப்பா? உலகம் நம் பிள்ளையிடம் கடுமையாக நடக்கும் என்று தெரிந்தால், வீட்டாள் இன்னும் கொஞ்சம் மெதுவாக அல்லவா நடக்க வேண்டும்? தண்ணீர் போத்தலைக் கொடுக்க வேண்டிய கை அது.

நம் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரியைப் பாருங்கள். 2022இல் கார் விபத்தில் பலத்த காயம். ராக்கெட்டைத் தொடாமல் மாதக்கணக்கில் படுக்கையும் சிகிச்சையும். அடுத்த வருடம் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தனிநபர் தங்கம். ஓய்வெடுத்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம், 31ஆவது பிரிவு. ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், உடலுக்கோ மனத்துக்கோ காயம் உண்டாகும்படி அதைக் கொடுமைப்படுத்தினால் குற்றம். நான் போலீசுக்குப் போகவில்லை, போகிற எண்ணமும் இல்லை. "அக்கா கேஸ் போடப் போறாங்க" என்று புரளி கிளப்பியவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் இது வெறும் வளர்ப்பு முறை விஷயம், யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லாதீர்கள்.

இப்போது, காணொளியில் இல்லாதது.

40ஆவது விநாடியில், எண்ணிக்கை 34இல் அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது இது. மண்டபம் கூட்டும் மக்சிக், ஒரு மலாய் அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். பையனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றார். "சுடாலா என்சேக், பூடாக் து பெனாட்" என்றார். போதும் ஐயா, பிள்ளை களைத்துவிட்டது. சத்தம் போடவில்லை. தன் போத்தலைத் திறந்து பையன் வாயில் வைத்தார். அவன் காதிலிருந்து கையை எடுக்காமலே குடித்தான். எடுக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அங்கே நாம் முப்பது பெற்றோராவது இருந்தோம். அதில் பாதிப் பேர் தமிழர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் வராததற்கு அப்பாவும் காரணமில்லை, கோச்சும் காரணமில்லை. என் மடியில் தண்ணீர் போத்தல் இருந்தது. முழுப் போத்தல்.

ஏன் உட்கார்ந்திருந்தேன்? அடுத்த மாதம் என் மகளும் அதே கோச்சிடம் சேர வேண்டும் என்று பேசி வைத்திருந்தேன். அதுதான் காரணம். வேறு சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. திங்கட்கிழமை அவருக்கு அழைத்து, சேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். "உங்க பொண்ணு மேல வராது" என்றார். வராவிட்டால் பரவாயில்லை. மகளிடம் கேட்டேன், இன்னும் ஆடப் பிரியமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க கார்ல பேசாம வந்தா ஆடுறேன்" என்றாள்.

பையனின் அப்பா இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அண்ணே, உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. எண்ணும்போது உங்கள் குரலும் கடைசியில் உடைந்ததைக் கேட்டேன். சனிக்கிழமை காலை பயிற்சிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால், அவன் தோற்ற ஆட்டத்தில் வலையோரம் எடுத்த அந்த இரண்டு புள்ளியைப் பற்றி அவனிடம் பேசுங்கள். அவ்வளவு அழகான புள்ளிகள் அன்றைக்கு வேறு யாரும் எடுக்கவில்லை.

காணொளியை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஆதரவாகப் பகிர்கிறவர்களும்தான். அவன் முகம் தெளிவாகத் தெரிகிறது, பள்ளிச் சின்னமும் தெரிகிறது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் அவனைப் பார்த்துக் காதைப் பிடித்துக் காட்டினார்களாம்.